தெளிந்த நாளில் முப்பது மூச்சு

காசிப்பூர், பங்களாதேஷ்
10.01.2025

அன்பின் ஸுஹறா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் இங்கே நானும், அறையிலும் ஆலையிலும் என்னோடு இருக்கும் புத்தளத்து நிப்ராஸும் சுகம். நீங்களும் ஹமீட் மச்சானும் சுகமாக இருக்க வேண்டும். முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறீர்களா, அல்லது போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டீர்களா?

கடிதத்தைக் கண்டதும் பயந்திருப்பீர்கள். பயப்பட ஒன்றுமில்லை. வேலைக்குள் போகும்போது தொலைபேசியை வாசலில் வாங்கி வைத்துவிடுகிறார்கள். நான் அறைக்கு வரும் நேரம் நீங்கள் படுத்திருப்பீர்கள். வெள்ளிக்கிழமைகளில் அழைத்தால் இணைப்பு அறுந்து அறுந்து போகிறது. எழுத்து என்றால் ஆறுதலாகச் சொல்லலாம், நீங்களும் நடுவில் குறுக்கிட முடியாது. அதனால் இனிக் கடிதம்தான். அவசரத்துக்கு மட்டும் மெசேஜ்.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புது ஜீன்ஸைப் பழைய ஜீன்ஸ் ஆக்குவதுதான் இங்கே தொழில். முன்பு கல்லும் மருந்தும் போட்டு அலசி நிறத்தை மங்க வைத்தார்களாம். இப்போது பெரிய இரும்பு மெஷினுக்குள் உடுப்பைப் போட்டு ஓசோன் என்ற வாயுவை விடுகிறார்கள். அரை மணித்தியாலத்தில் அது நீலத்தைத் தின்றுவிடும். மெஷின் கதவின் ரப்பர் தேய்ந்து வாயு கசியாமல் பார்ப்பது என் பொறுப்பு. எங்கள் சட்டைப் பையில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கும். வாயு கொஞ்சம் கசிந்தாலும் அது கத்தும். கத்தினால் எல்லோரும் வெளியே ஓட வேண்டும். ஆகவே உங்கள் தம்பி பத்திரமான இடத்தில்தான் இருக்கிறான்.

இது பனிக்காலம். காலையில் செங்கல் சூளைப் புகையும் லொறிப் புகையும் சேர்ந்து எதிர்க் கட்டடம் தெரியாது. எனக்குக் கொஞ்சம் சளி. வேறு ஒன்றுமில்லை.

மச்சானுக்கு என் ஸலாம். துஆவில் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி,
றிஸ்லான்


சிலாவத்துறை
02.02.2025

அன்புத் தம்பி றிஸ்லானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நாங்கள் சுகம். முழங்கால் தன்பாட்டில் வலிக்கிறது, நான் என்பாட்டில் நடக்கிறேன். மச்சானுக்கு மீன் வியாபாரம் பரவாயில்லை.

உன் கடிதத்தைத் தபால் கந்தோர் எட்வேட் ஐயா தன் கையாலேயே கொண்டுவந்தார். "தங்கச்சி, வங்கிக் கடிதம் தவிர இந்தப் பக்கம் கடிதம் வந்து வருசக் கணக்கு. ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லையே?" என்று கேட்டு, நான் உடைத்து வாசித்து முடிக்கும்வரை வாசலில் நின்றார் மனிதர்.

இணைப்பு அறுகிறது என்கிறாய். அறுந்தது இணைப்பு இல்லை, உன் மூச்சு. டிசம்பரில் பேசியபோது ஒரு வசனத்தை மூன்று துண்டாகச் சொன்னாய். நடுவில் இருமலை விழுங்கினாய். வாப்பா வீட்டில் தம் கட்டிப் பழகும்போது பக்கத்தில் இருந்து எண்ணியவள் நான். உனக்கும் நான்தான் எண்ணினேன். நூற்றிருபது வரை போவாய். மூச்சு எந்த இடத்தில் தடக்குகிறது என்று எனக்குத் தெரியாதா?

வாப்பா சங்கு குளிக்கப் போய்த் திரும்பாமல், மூன்றாம் நாள் கரையில் கிடந்ததை நீயும் பார்த்தாய். அவரை அடக்கிய அன்று உன்னிடம் வாக்கு வாங்கினேன். இனிக் கடலுக்குள் இறங்கக் கூடாது என்றேன். "தரையில நிண்டா மூச்சு தன்பாட்டில வரும்" என்று சொன்னேன். அதற்காகத்தான் மெஷின் வேலை படிக்க வைத்தேன், அதற்காகத்தான் அந்நிய தேசத்துக்கும் அனுப்பினேன். அங்கே போய் நீ மூச்சுக்கு இழுத்தால் நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

இப்போது சொல்வதைக் கேள். காலைப் புகையில் வெளியே நிற்காதே. மத்தியானம் வெயில் ஏறி, வானம் தெளிந்த பிறகு மொட்டை மாடிக்குப் போ. கலங்கிய தண்ணீரில் நாங்கள் இறங்குவதில்லை, தெளிந்த பிறகுதான் இறங்குவோம். காற்றும் அப்படித்தானே. வெயிலில் இருந்து, வாப்பா சங்குக் காலத்துக்கு முன் செய்ததுபோல் முப்பது தரம் செய்: நெஞ்சு நிறைய இழு, நிறுத்து, எண்ணு, விடு. வாப்பா மூச்சுக்கு ஒரு சிப்பி நகர்த்தி எண்ணுவார், உனக்குச் சிப்பி இல்லாவிட்டால் வேறு எதையாவது வைத்துக் கணக்குப் பிடி. எத்தனை வரை தம் கட்டினாய் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுது. எண்ணிக்கை இல்லாத கடிதம் எனக்கு வேண்டாம்.

அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தைத் தரட்டும்.

ஸுஹறா ராத்தா


காசிப்பூர்
27.02.2025

அன்பின் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீங்கள் எல்லோரும் நலமாக நோன்பை வரவேற்க ஆயத்தமாகியிருப்பீர்கள்.

உங்கள் கட்டளை பத்து நாட்களாக நிறைவேறுகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் விடுவார்கள். நான் சாப்பாட்டை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு எங்கள் விடுதியின் மொட்டை மாடிக்கு ஏறுகிறேன். சிப்பிக்குப் பதிலாக ஜீன்ஸ் பொத்தான் முப்பது வைத்திருக்கிறேன். ஒரு மூச்சுக்கு ஒரு பொத்தான் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போகும். துணி காயப்போட வரும் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் ஏதோ மந்திரம் செய்கிறேன் என்று அவர்களுக்கு நினைப்பு.

நீங்கள் சொன்னது சரி. காலையில் கண் தெரியாத ஊர், பன்னிரண்டு மணிக்கு மேல் ஆளே மாறிவிடும். புகை எல்லாம் எங்கே போகிறதென்று தெரியாது. பங்குனி மாதத்தில் எங்கள் கரையில் இருந்து பார்ப்பதுபோல் ஒரு துண்டு முகில் இல்லாத வானம். கீழே பெருந்தெருவில் பஸ்ஸும் லொறியும் நெருங்கி நிற்கும், சுற்றிவரப் புகைபோக்கிகள் நிற்கும், ஆனால் மேலே பார்த்தால் சுத்தம். கண் கொஞ்சம் எரிகிறது. வெயில்தான்.

எண்ணிக்கை: எண்பத்தைந்து.

நிப்ராஸ் உங்களுக்கு ஸலாம் சொல்லச் சொன்னான். "உன்ர ராத்தா டொக்டருக்குப் படிச்சவவோ?" என்று கேட்டான். ஓம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் தம்பி,
றிஸ்லான்


சிலாவத்துறை
16.03.2025

அன்புத் தம்பிக்கு,

வஅலைக்கும் ஸலாம். நோன்பு நல்லபடி போகிறது. உன்னை விடியமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுப்ப யார் இருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குக் கஞ்சி இறங்குவதில்லை.

எண்பத்தைந்தைப் பார்த்துச் சந்தோசமும் வந்தது, கோபமும் வந்தது. நூற்றிருபது கட்டிய நெஞ்சுக்கு எண்பத்தைந்து என்ன கணக்கு? சளி அடியில் பிடித்திருக்கிறது, அதுதான். முப்பது போதாது. அறுபது செய். நோன்போடு கஷ்டம் என்றால் நடுவில் ஆறிச் செய், ஆனால் விடாதே. இன்னும் ஆழமாக இழு. வயிறு வரை போக வேண்டும்.

இங்கே கடல் தெளிந்து கிடக்கிறது. படகில் நின்று பார்த்தால் அடி மணல் தெரிகிறது என்று மச்சான் சொல்கிறார். சங்குக்காரர் நோன்போடும் இறங்குகிறார்கள். நான் கரைப் பக்கம் போகவே இல்லை. உன் மொட்டை மாடி வானமும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதை நினைக்க மனம் கொஞ்சம் ஆறியது.

பெருநாளைக்கு உனக்குச் சட்டைத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். வரும்போது தைக்கலாம்.

ஸுஹறா ராத்தா


காசிப்பூர்
30.03.2025

அன்பின் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கும் மச்சானுக்கும் பெருநாள் வாழ்த்துகள். நான் சுகம்.

இன்னும் ஒரு நோன்பு இருக்கலாம், பிறை பார்க்க வேண்டும். இங்கே நோன்பு திறக்கப் பொரிகடலையும் வெங்காயமும் கடுகெண்ணெயும் சேர்த்துப் பிசைந்து தருகிறார்கள். முதல் வாரம் முகம் சுளித்தேன், இப்போது கேட்டு வாங்குகிறேன். வேலை தலைக்கு மேல் இருக்கிறது. யாரோ வெள்ளைக்காரர் கோடைக்கு உடுத்த இலட்சக்கணக்கில் பழைய ஜீன்ஸ் வேண்டுமாம்.

ஒரு வேடிக்கை. மொட்டை மாடியில் இப்போது எங்கள் மெஷின் அறை நெடி அடிக்கிறது. மின்னல் விழுந்த பிறகு வருமே, அந்த நெடி. என் உடுப்பில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.

அறுபது செய்யச் சொல்லியிருந்தீர்கள். நீங்கள் சொன்னால் சரிதான்.

உங்கள் பெருநாள் வட்டிலப்பத்தில் என் பங்கை மச்சான் சாப்பிடட்டும். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும், கட்டிலில் சாய்ந்திருந்து எழுதுகிறேன்.

உங்கள் தம்பி,
றிஸ்லான்


சிலாவத்துறை
16.04.2025

தம்பி றிஸ்லான்,

வஅலைக்கும் ஸலாம். நாங்கள் சுகம். நீ சுகமா என்பதை மட்டும் எழுது, மற்றது எதுவும் வேண்டாம்.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பொரிகடலை இருக்கிறது, வெள்ளைக்காரர் இருக்கிறார், வட்டிலப்பம் இருக்கிறது. எண்ணிக்கை எங்கே? பின்பக்கத்திலும் திருப்பிப் பார்த்தேன். எட்வேட் ஐயாவிடம் உறைக்குள் வேறு தாள் விழுந்திருக்குமா என்றுகூடக் கேட்டேன். உன் எழுத்தும் உன் எழுத்து இல்லை. வரிகள் எல்லாம் வலப்பக்கம் சரிந்து விழுகின்றன.

பெருநாள் அன்று அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. பிறகு நீ "நலம் ராத்தா" என்று ஒரு மெசேஜ் போட்டாய். விரலுக்கு வந்த பலம் வாய்க்கு வரவில்லையா? ஐந்தாம் திகதிக்குப் பிறகு நான் அனுப்பும் மெசேஜ் எல்லாம் உனக்குப் போய்ச் சேராமல் ஒரு கோட்டோடு நிற்கிறது. இரண்டாம் கோடு விழவே இல்லை. பதினொரு நாள். காலையில் எழும்பியதும் அந்தக் கோட்டைத்தான் பார்க்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. வாப்பா போன அன்றும் இப்படித்தான், கடல் தெளிந்து, காற்றே இல்லாமல் இருந்தது. நான் கரையில் இருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். இருநூறு வரை எண்ணியும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் முடிந்துவிடும் என்று நினைத்து ஐந்நூறு வரை எண்ணினேன்.

எழுத வேண்டாம், அழைத்துப் பேசு. இருமினாலும் பரவாயில்லை.

ஸுஹறா ராத்தா


காசிப்பூர்
15.05.2025

அன்பின் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் மிகவும் சுகம். நீங்களும் மச்சானும் நலமாக இருப்பீர்கள்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. சூடு தணிந்து நல்ல காற்று வருகிறது. மாம்பழக் காலம், நானும் நிப்ராஸும் நேற்று ஒரு கிலோ வாங்கி இருந்த இருப்பில் முடித்தோம். தொலைபேசி பழுதாகிவிட்டது, புதிது வாங்கும்வரை அழைக்க முடியாது. அதற்காக யோசிக்க வேண்டாம்.

சளி முற்றாகப் போய்விட்டது. உங்கள் வைத்தியத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். நாள் தவறாமல் அறுபதும் செய்கிறேன்.

எண்ணிக்கை: நூற்றுப் பன்னிரண்டு.

உங்கள் தம்பி,
றிஸ்லான்


சிலாவத்துறை
22.04.2025

தம்பி றிஸ்லான்,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ மே மாதம் பதினைந்தாம் திகதி எழுதிய கடிதத்தை நான் ஏப்ரல் இருபத்தொன்றில் வாசித்துவிட்டேன். மாம்பழம் நல்ல இனிப்பா?

நிப்ராஸ் நேற்று வந்தான். விடுமுறையில் புத்தளத்துக்கு வந்தவன், வீட்டில் ஒரு நாள்கூட நிற்காமல் பஸ் ஏறி இங்கே வந்திருக்கிறான். வந்து கதிரையில் இருந்தான், தேத்தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. பையில் இருந்து மூன்று உறைகளை எடுத்து மேசையில் வைத்தான். "மாசத்துக்கு ஒண்டா தபாலில போடச் சொல்லித் தந்தவன், ராத்தா. ஏப்ரலுக்கு ஒண்டு, மேக்கு ஒண்டு, ஜூனுக்கு ஒண்டு. எனக்கு மனம் கேக்கேல்ல" என்றான். மூன்றையும் உடைத்தேன். தொண்ணூற்றைந்து, நூற்றுப் பன்னிரண்டு, நூற்றிருபது. ஒழுங்காகத்தான் ஏற்றியிருக்கிறாய். நான் என்ன கேட்டேன் என்று தெரியாமலே எனக்குப் பதில் எழுதியிருக்கிறாய்.

நீ ஐந்தாம் திகதியில் இருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாய் என்று அவன் வாயால்தான் கேட்டேன். பட்டப்பகல் மூன்று மணிக்கு, வேலைக்குத் திரும்பும் வழியில், தெருவிலேயே குந்திவிட்டாயாம். உதடு நீலமாகிவிட்டதாம். அதற்கு முன்பே இரண்டு தரம் மூச்சு முட்டு வந்து முகமூடியில் மருந்துப் புகை பிடித்தாயாம்.

பிறகு கருவியின் கதையைச் சொன்னான். மார்ச் மாதம் ஒரு நாள் அவன் சட்டைப் பையில் இருந்த அந்தத் தீப்பெட்டியைக் கழற்ற மறந்து, உன்னைத் தேடி மொட்டை மாடிக்கு வந்திருக்கிறான். நீ கண்ணை மூடித் தம் கட்டிக்கொண்டு இருந்தாயாம். வானத்தில் ஒரு முகிலும் இல்லையாம். அந்த நேரம் அது கத்தியதாம். பழுது என்று நினைத்துக் கீழே கொண்டு போனால் நின்றுவிட்டது. மேலே கொண்டு வந்தால் கத்தியது. அடுத்த நாள் விடியப் புகைக்குள் கொண்டு போய்ப் பார்த்தீர்களாம், சத்தமே இல்லையாம். மத்தியானம், வெயில் ஏறி, எல்லாம் தெளிந்த பிறகு, திரும்பவும் கத்தியதாம்.

நான் நம்பவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் நுஸ்ரியாவிடம் அவனையும் இழுத்துக்கொண்டு போனேன். பள்ளிக்கூடச் சுவரில் ஓசோனைக் காப்போம் என்று பெரிதாக எழுதியிருக்கிறதே பிள்ளை, அது நல்ல சாமான் அல்லவா என்று கேட்டேன். "மேல இருந்தா அது எங்களுக்குக் குடை, ராத்தா. கீழ, மூக்குக்கு நேர இருந்தா நஞ்சு" என்றாள். லொறிப் புகையும் ஆலைப் புகையும் வெயிலில் வெந்துதான் அது உண்டாகுமாம். வெயில் கூடக் கூட அதுவும் கூடுமாம். காற்று அசையாவிட்டால் அங்கேயே நிற்குமாம். கண்ணுக்குத் தெரியாதாம். காலைப் புகையும் கெடுதல்தான், ஆனால் அதைக் கண்ணால் கண்டு விலகலாம். ஆழமாக மூச்சு இழுக்கிறவனுக்குத்தான் கூடுதலாக உள்ளே போகுமாம்.

வயிறு வரை இழு என்று எழுதியவள் நான். அறுபது என்று எழுதியவளும் நான். என் கையால் எழுதி, முத்திரை ஒட்டி, எட்வேட் ஐயாவிடம் கொடுத்து அனுப்பினேன்.

தம்பி, வந்துவிடு. வந்தால் கடல் தவிர வேறு தொழில் இல்லை, கடலுக்கு ராத்தாவிடம் வாக்கு இருக்கிறது என்று நீ நிப்ராஸிடம் சொன்னாயாம். அந்த வாக்கைத் திருப்பித் தருகிறேன். கடலுக்குப் போ, சங்கு குளி, என்ன வேண்டுமானாலும் செய். நான் கரையில் வந்து நின்று எண்ணுகிறேன். வந்தால் போதும்.

இதை நிப்ராஸ் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். உன் முன்னால் நின்று வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஸுஹறா ராத்தா


காசிப்பூர்
04.05.2025

அன்பின் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இன்றைய திகதி உண்மையான திகதி. நிப்ராஸ் சாட்சி.

ஆஸ்பத்திரியில் இருந்து விட்டுவிட்டார்கள். ஜன்னலைச் சாத்தி அறைக்குள் இருக்கிறேன். இன்ஹேலர் இரண்டு தந்திருக்கிறார்கள். நான்கு வரி எழுதிவிட்டு ஆறுகிறேன், பிறகு எழுதுகிறேன். கையெழுத்துக் கோணலுக்குக் காரணம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது, இனி மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். கருவி கத்திய பிறகும் நான் பத்து நாள் மேலே போனேன். அது உங்கள் பிழை இல்லை. நிமிர்ந்து பார்த்தால் வானம் அப்படித் தெளிந்து கிடக்கிறது. நாங்கள் தண்ணீரையும் வானத்தையும் கண்ணால் பார்த்து நம்பி வளர்ந்தவர்கள். ஒரு சின்னப் பெட்டி கத்துகிறது என்பதற்காக அந்த வானத்தைச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை. மெஷின் அறையில் அது கத்தியிருந்தால் முதல் ஆளாக ஓடியிருப்பேன். மொட்டை மாடியில் கத்தினால் எங்கே ஓடுவது? வெளியே என்று சொல்லும் இடமே அதுதானே.

மார்ச் கடைசியில் நிறுத்திவிட்டேன். அந்த நேரம் அறுபது செய்யச் சொல்லி உங்கள் கடிதம் வந்தது. நிறுத்தினேன் என்றால் ஏன் என்று கேட்பீர்கள். ஏன் என்று சொன்னால் நீங்கள் உங்களைத் தின்றுவிடுவீர்கள். அதனால் எண்ணிக்கையை மட்டும் விட்டேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அதையும் உண்டாக்கினேன். இருமல் ஒக்டோபரில் தொடங்கியது என்று டொக்டரிடம் சொல்லியிருக்கிறேன். ஒக்டோபரில் நீங்கள் எனக்குக் கடிதம் எழுதவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் பத்தில் விமானம். வாக்கைத் திருப்பித் தந்ததற்கு நன்றி, ராத்தா. ஆனால் அதை வைத்து நான் என்ன செய்வது என்று தெரியவில்லை. இன்று காலையில் நிப்ராஸ் எண்ணினான்.

எண்ணிக்கை: பத்தொன்பது.

உங்கள் தம்பி,
றிஸ்லான்


சிலாவத்துறை
05.10.2025

அன்புத் தம்பி நிப்ராஸுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. இங்கே நாங்கள் இருக்கிறோம். உன் உம்மாவை நேற்று அழைத்துப் பேசினேன், சுகமாக இருக்கிறார்.

றிஸ்லானைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஜூனில் வந்து இறங்கியபோது இங்கே சோளகக் காற்று. நாள் முழுக்க மணலை அள்ளி வீசும், கடல் கலங்கிக் கிடக்கும், ஊரில் எல்லோரும் திட்டுவார்கள். அவனுக்கு மட்டும் அது பிடித்துப்போனது. வாசலில் கதிரையைப் போட்டுக் காற்றுக்கு நேரே இருப்பான். எண்ணிக்கை இருபத்தெட்டு, முப்பத்தொன்று, முப்பத்துநான்கு என்று ஏறியது. மன்னார் ஆஸ்பத்திரி டொக்டர், இழந்தது எல்லாம் திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றுவோம் என்றார். மச்சான் அவனை மீன் விற்கும் இடத்தில் கதிரையில் இருத்தித் தராசைக் கொடுத்திருக்கிறார். நீ கொடுத்தனுப்பிய பொத்தான் முப்பதும் ஒரு போத்தலில் இருக்கின்றன.

போன கிழமை சோளகம் ஓய்ந்துவிட்டது. ஒரு நாள் காலையில் எழும்பினால் காற்றில்லை, முகில் இல்லை, கடல் தெளிந்து கண்ணாடி போல் கிடக்கிறது. ஊரே சந்தோசமாக இருந்தது. சங்குக்காரர் படகைத் தள்ளினார்கள். றிஸ்லான் வாசலுக்கு வந்து வானத்தை நிமிர்ந்து பார்த்தான். பிறகு உள்ளே போய் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினான்.

"இது எங்கட ஊர், தம்பி. இஞ்ச அப்பிடி ஒண்டும் இல்ல" என்று சொன்னேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும், ராத்தா?" என்று கேட்டான்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். இங்கே யாருடைய சட்டைப் பையிலும் கருவி இல்லை. நுஸ்ரியாவைக் கேட்டேன். இங்கே ஆலை இல்லைத்தான், ஆனால் அந்த வாயு பிறந்த இடத்திலேயே நிற்பதில்லை, வாடைக் காலத்தில் அக்கரை ஆலைகளில் இருந்து கடல் தாண்டியும் வரலாம், எவ்வளவு வருகிறதென்று இங்கே அளந்து பார்த்தவர் எவரையும் தனக்குத் தெரியாது என்றாள். அன்றிலிருந்து நானும் மத்தியானத்தில் வானத்தைப் பார்க்கிறேன். தெளிந்திருந்தால் நானும் ஜன்னலைச் சாத்துகிறேன். முகில் கண்டால்தான் சமைக்கப் போகிறேன். ஊரில் எனக்குப் பைத்தியம் என்று பேசிக்கொள்கிறார்கள்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். அங்கே மழை விட்டுவிட்டது என்கிறாய். புது அறை மூன்றாம் மாடியில், நல்ல வெயில் வருகிறது என்கிறாய். தொலைபேசியில் பேச நேரம் கிடைப்பதில்லை, எழுத்து என்றால் ஆறுதலாகச் சொல்லலாம் என்கிறாய். கடைசி வரியில், கொஞ்சம் சளி, வேறு ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாய்.

அந்த வரியை நான் றிஸ்லானுக்குக் காட்டவில்லை. அவன் எழுதிய முதல் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு சொல் மாறவில்லை.

நிப்ராஸ், இனி எனக்குக் கடிதம் எழுதாதே. இது கிடைத்த அன்றே என்னை அழை. நீ ஒன்றும் பேச வேண்டாம், சுகம் என்று சொல்லவும் வேண்டாம். ஜன்னலைச் சாத்திவிட்டு, தொலைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்து, ஒரு மூச்சு இழுத்து நிறுத்து. நான் இங்கே இருந்து எண்ணுகிறேன்.

ஸுஹறா ராத்தா